உப்புத் தண்ணீருக்கு அனுமதி இல்லை

எடை போட்டுப் பிழைப்பு நடத்துகிறவள் நான். ஆனால் என் தராசில் ஏறும் பொருளை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. ரேஷன் கடையில் கைரேகை விழாத மெஷினோடும், ஜெராக்ஸ் கடையில் பேப்பரைக் கடித்துக்கொள்ளும் மெஷினோடும், ஏடிஎம்மில் கார்டை விழுங்கிவிட்டுச் சும்மா நிற்கும் மெஷினோடும் மல்லுக்கட்டும் அன்பர்களே, நாமெல்லாம் ஒரே இனம். என் மெஷின் கொஞ்சம் விலை கூடியது, அவ்வளவுதான். பெயர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி, மூடிப்போன இறால் குஞ்சுப் பண்ணை ஒன்றின் கட்டடத்தில் எங்கள் லேப் இருக்கிறது. உப்பிலேயே வாழும் பாக்டீரியாக்கள் சில உண்டு. உப்பு தங்கள் உடம்பிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடாமல் இருக்க, அவை எக்டோயின் என்ற பொருளைத் தங்களுக்குள்ளேயே தயாரித்து வைத்துக்கொள்ளும். வெயிலுக்குப் பூசும் க்ரீம்களில் போடுவதற்கு அதே பொருளை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். எங்கள் பஷீர் அந்தப் பாக்டீரியாவின் மரபணுவில் கைவைத்து, அதிகமாகத் தயாரிக்கும்படி விதவிதமாக மாற்றுவான். அனுமந்தையிலிருந்து வரும் செல்வி, மாற்றிய ஒவ்வொன்றையும் குழிகள் வைத்த பிளாஸ்டிக் தட்டுகளில் வளர்த்துக் கொடுப்பாள். அதில் எது தேறும், எது தண்டம் என்று மெஷினில் பார்த்துச் சொல்வது நான். கரண்ட் போனால் மெஷினுக்கு ஜெனரேட்டர் உண்டு, எங்களுக்கு அட்டை விசிறிதான். எங்கள் அந்தஸ்து புரிந்திருக்கும்.

எத்தனை டன் தாங்கும்?

மெஷின் வந்து இறங்கிய அன்று வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த வியாபாரி முன்வரிசையில் நின்றார். எடை மெஷின் வந்திருக்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். உப்பு லாரியை எடை போட அவர் ரொம்ப தூரம் போய்வந்துகொண்டிருந்தார். இனி வீட்டுப் பக்கத்திலேயே வேலை முடிந்துவிடும் என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. "எத்தினி டன் தாங்கும்மா?" என்றார்.

டன் எல்லாம் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். ஒரு பொருளைப் பொடியாக்கி, அந்தப் பொடியையும் பொடியாக்கிக்கொண்டே போனால், இதற்கு மேல் உடைத்தால் அது அந்தப் பொருளே இல்லை என்கிற மாதிரி ஒரு துணுக்கு மிஞ்சும். அதில் கொஞ்சம் மின்சாரத்தை ஏற்றி, காற்றே இல்லாத பாதையில் பறக்க விடுவோம். கனமானது ஒரு மாதிரி போகும், லேசானது வேறு மாதிரி போகும். அதை வைத்து மெஷின் எடையைச் சொல்லிவிடும். எனக்கே என் விளக்கம் பிடித்திருந்தது. அவர் பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பக்கவாட்டில் லேசாகத் தட்டியும் பார்த்தார்.

"இம்மாம் பெரிய பெட்டிய வச்சிக்கினு அத்தினியூண்டுதான் எடை போடுவியா? எங்க வூட்டுக் கடைத் தராசே தேவலாம்மா."

ஒட்டிக்கொண்டு வரும் ஆள்

பஷீர் மரக்காணத்துப் பையன்தான். அவன் அத்தாவுக்குக் கடைவீதியில் ஹார்டுவேர் கடை. மெஷின் திரையில் ஒவ்வொரு பொருளும் தன் எடைக்குரிய இடத்தில் ஒரு கூர்முனையாக எழும்; பொருள் கூடினால் உயரமும் கூடும். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள், திரையைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தான். எக்டோயின் வரவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அதைவிடக் கனமாக, இன்னொரு கூர்முனை நின்றது. புதுப் பொருள் ஒன்றைப் பாக்டீரியா தயாரித்துவிட்டது என்று அவனுக்கு நிச்சயம். என்ன பெயர் வைக்கலாம் என்கிற வரைக்கும் போய்விட்டான்.

எடை வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார் என்றேன். பார்த்தான். சோடியம். எக்டோயின் தனியாகப் பறப்பதற்குப் பதிலாக, உப்பிலிருந்த சோடியத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பறந்திருக்கிறது. எங்கள் தொழிலில் இது தினசரி நடப்பது. பாக்டீரியாவை எவ்வளவு கழுவினாலும் துளி உப்பு எங்காவது ஒளிந்துகொண்டு கூடவே வரும். பஷீருக்கு முகம் தொங்கிவிட்டது. மாலையில் கிளம்பும்போது கண்ணாடியைக் கழற்றினான். கடற்காற்றில் அதிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"இந்த ஊர்ல உப்பு ஒட்டாம தனியா நடமாடுற ஜீவன் ஒண்ணு கூட கிடையாதா மேடம்?"

சர்வீஸ் இன்ஜினியர் போட்ட சட்டம்

என் மெஷினுக்கு உப்பு விஷம். உப்பளத்துக்கு நடுவே அதைக் கொண்டுவந்து வைத்த புண்ணியவானை நான் திட்டாத நாள் இல்லை. ஒரு தடவை எல்லாக் கூர்முனைகளும் குட்டையாகிக் கொண்டே வந்து, கடைசியில் படுத்துவிட்டன. சென்னையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். மெஷினின் வாயைத் திறந்ததும் சிரித்துவிட்டார். ஊசித் துவாரம் ஒன்று இருக்கும். அதன் வழியாகத்தான் எல்லாம் உள்ளே போகவேண்டும். அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பொருக்குத் தட்டியிருந்தது.

அதைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுக் கறாராக எச்சரித்தார். இன்னொரு முறை இப்படி அடைத்தால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அது வரும் வரை மெஷினுக்குப் பூ வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே நான் அட்டையில் எழுதி மெஷின் மேல் ஒட்டினேன்: 'உப்புத் தண்ணீருக்கு அனுமதி இல்லை.' அன்றிலிருந்து எங்கள் நடைமுறை இதுதான். குழிகளில் பாக்டீரியா வளர்ந்ததும், தட்டைச் சுழற்றி அதை அடியில் படிய வைப்போம். மேலே நிற்கும் உப்புத் தண்ணீரைச் செல்வி கழிவுத் தொட்டியில் கொட்டிவிடுவாள். அடியில் இருப்பதில் ஒரு பங்கை உடைத்து, உள்ளே இருக்கும் எக்டோயினை மட்டும் மெஷினுக்குக் கொடுப்போம். சட்டத்தை மீறினால் செல்விக்கும் திட்டு, பஷீருக்கும் திட்டு. என் குரல் உப்பளம் வரை கேட்கும் என்பார்கள்.

இன்ஜினியர் பெட்டியைக் கட்டும்போது, சுரண்டி எடுத்ததை ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார்.

"வச்சிக்கோங்க மேடம், மதியம் மோர்ல போட்டுக்கலாம்."

லாரியில் இடமில்லை

எங்கள் டைரக்டர் சென்னைக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல செய்தியை ஒரு நாளும் நேரில் வந்து சொன்னதில்லை. அன்றைக்கு நேரில் வந்தார். உட்காராமலேயே பேசினார். பணம் போட்டவர்கள் பொறுமை இழந்துவிட்டார்களாம். மழைக்காலம் தொடங்குமுன் ரிவ்யூ. மாற்றம் செய்யாத பழைய பாக்டீரியாவைப் போல இரண்டு மடங்கு எக்டோயின் தரும் ஒன்றை அதற்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மெஷின் சென்னைக்குப் போகும், இந்தக் கட்டடத்தைக் காலி செய்துவிடுவார்கள்.

என் வீடு கிளியனூரில். கணவருக்கு அங்கே டிராக்டர் ஒர்க்‌ஷாப், பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம். ஹைதராபாத்தில் இதே வேலையைப் பார்த்துவிட்டு, கல்யாணமாகி வந்து, இனி இந்தப் படிப்புக்கு இந்தப் பக்கம் வேலையே கிடைக்காது என்று சமையலறையில் சுருண்டு கிடந்தவள் நான். அப்போது தெய்வாதீனமாகத் திறந்தது இந்த லேப். சுற்று வட்டாரத்தில் எனக்கென்று இருப்பது இந்த ஒரே ஒரு மெஷின்தான். அது போனால் நான் எடை போட வேறு எதுவும் இல்லை, காய்கறியைத் தவிர. பஷீருக்கு அவன் அண்ணன் சவுதியின் தமாமில் விசா ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அவனாவது பிழைத்துக்கொள்வான். செல்விக்கு அதுவும் இல்லை.

மெஷினை எப்படிக் கழற்றுவது, எந்த லாரியில் ஏற்றுவது என்று டைரக்டர் அப்போதே அளக்க ஆரம்பித்துவிட்டார். கையில் தட்டோடு நின்ற செல்வி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"மெஷின ஏத்துறதுக்கு லாரி பாக்குறீங்க சார், எங்கள எதுல ஏத்துவீங்க?"

தண்ணீரும் தயாரித்தது

க்ரீம் கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் எங்களைப் பார்க்க வந்தார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு ட்யூப் க்ரீம் கொடுத்தார்கள். இந்த ஊர் வெயிலில் யார் வேண்டாம் என்பார்கள்? செல்வி முகம், கழுத்து, முழங்கை என்று ஒன்றும் விடவில்லை. பஷீர் காதுக்குப் பின்னால்கூடப் பூசிக்கொண்டான்.

மறுநாள் தட்டை ஓட்டினேன். ஆகா, எல்லாக் குழியிலும் எக்டோயின்! வானத்தைத் தொடும் கூர்முனைகள். பஷீர் டைரக்டருக்குப் போன் போட்டு, மணி அடிக்கவும் ஆரம்பித்துவிட்டது. நான் பிடுங்கிக் கட் செய்தேன். ஒவ்வொரு தட்டிலும் சோதனைக்காக ஒரு குழியில் வெறும் சுத்தத் தண்ணீர் மட்டும் வைப்போம். அந்தத் தண்ணீரும் எக்டோயின் தயாரித்திருந்தது. பாக்டீரியாவை மாற்றலாம், தண்ணீரை எந்த பஷீர் மாற்றினான்? இரண்டு பேரையும் அருகே அழைத்தேன். வாசனையே காட்டிக்கொடுத்தது. ட்யூபைத் திருப்பிப் படித்தால், நாங்கள் தேடிக்கொண்டிருக்கும் அதே பொருள் அச்சாகியிருந்தது. தட்டை மூடிய விரல், சோதனைக் குழாயைத் திறந்த விரல், எல்லா விரலிலிருந்தும் க்ரீம் உள்ளே போயிருக்கிறது. கையுறை போடுவதற்கு முன்னால் பூசிய க்ரீம், கையுறையின் வெளிப்பக்கத்துக்கும் வந்துவிட்டது. மனிதர்களுக்கு வந்தால் தொற்று. எங்கள் லேபுக்கு வந்தால் அழகு.

அன்று முழுக்க மேசை, பைப்பெட், கதவுப் பிடி எல்லாவற்றையும் கழுவினோம். வாளியைத் தூக்கிக்கொண்டே செல்வி சொன்னாள்:

"பாக்டீரியாவ வுட்டுட்டு எங்க கைய கழுவி வித்துடலாமே மேடம், ரெண்டு மடங்கு கன்ஃபார்மா வரும்."

அத்தா வந்து பார்த்தார்

ரிவ்யூ நெருங்க நெருங்க, தட்டுக்கு மேல் தட்டாக ஓட்டினோம். ஒன்றரை மடங்கு வந்தது, அதற்குமேல் ஏறவே இல்லை. அந்த நேரம் பார்த்து பஷீரின் அத்தா லேபுக்கு வந்தார். ஹார்டுவேர் கடை வைக்குமுன் அவர் சவுதியில் பல காலம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. வாசலிலேயே நிறுத்தி, கையைக் கழுவச் சொன்னேன். அத்தரில் என்ன கலந்திருக்கிறதோ, நமக்கெதற்கு வம்பு?

விசாவுக்குப் பதில் சொல்லவேண்டிய நாள் வந்துவிட்டதாம். பையன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான், நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்கள் என்றார். பூசி மெழுக எனக்கு வராது. "இதுவரைக்கும் கிடைக்கலைங்க. ஆனா உங்க பையன் கையில சரக்கு இருக்குது. நான் நாலு லேப் பாத்தவ, அது எனக்குத் தெரியும்" என்றேன். அவர் மகன் இருந்த பக்கம் பார்த்தார். பஷீர் எங்கள் பேச்சு காதில் விழாதவன் போல ஒரு தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். போகிற போக்கில் ஏசியின் சத்தத்தைக் கேட்டு, நின்று, ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

"இன்ஷா அல்லாஹ், உங்க மீட்டிங் முடியட்டும்மா. அதுவரைக்கும் பெரியவன் கிட்ட நான் எதுனா சொல்லி இழுத்துக்கிறேன்."

சோம்பேறி

கடைசித் தட்டு. அதில் ஒரு குழி பழைய பாக்டீரியாவைவிடக் குறைவாகக் காட்டியது. செல்வி அதற்கு 'சோம்பேறி' என்று பெயர் வைத்து, வேக வைத்து அழிக்க வேண்டியவற்றோடு அந்தத் தட்டையே சேர்த்து ஒதுக்கிவிட்டாள். அந்த மாதிரி எத்தனையோ சோம்பேறிகளை அழித்திருக்கிறோம். மறுநாள் ரிவ்யூ. நான் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். ஒன்றரை மடங்கு என்பதை எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும் அது ஒன்றரை மடங்குதான்.

பஷீர் ஒதுக்கிய தட்டையே முறைத்துக்கொண்டிருந்தான். "மேடம், உள்ள எக்டோயின் கம்மின்னா, இந்த உப்புல இது சுருண்டு செத்துருக்கணும். மத்த எல்லாத்தவிட இதுதான் கொழுகொழுன்னு வளந்திருக்குது" என்றான். நான் பேனாவை வைத்தேன். நியாயமான கேள்வி. கையிருப்பு குறைவாக இருக்கிறது, ஆனால் பஞ்சம் இல்லை. அப்படியென்றால் தயாரித்துக்கொண்டே இருக்கிறது, தயாரித்ததை எங்கேயோ கொட்டிக்கொண்டே இருக்கிறது. எங்கே? பாக்டீரியாவுக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்றுதான், உப்புத் தண்ணீர். நாங்கள் ஒவ்வொரு முறையும் பார்க்காமலேயே தொட்டியில் கொட்டிவிடும் அதே தண்ணீர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி என் அட்டையைப் பார்த்தோம்.

அன்றைய தண்ணீரைச் செல்வி இன்னும் கொட்டவில்லை. தொட்டி நிறைந்திருந்ததால், குழிக்குக் குழி கலக்காமல் வேறு தட்டுகளுக்கு மாற்றி மூடி வைத்திருந்தாள். மெஷினின் வாய் இப்போது அடைத்தால், நாளைக்கு டைரக்டருக்குக் காட்ட ஒன்றரை மடங்குகூட இருக்காது. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும்: நான் நினைப்பது சரியென்றால் அந்தத் தண்ணீரில் எக்டோயின் கொட்டிக் கிடக்கும். அதில் ஒரு துளியை எடுத்து, சுத்தத் தண்ணீரை மேலும் மேலும் விட்டு, உப்பு ஏறக்குறைய காணாமல் போகும்வரை நீர்க்கச் செய்தாலும் தெரிய வேண்டும். அப்படியே செய்தேன். முதலில் வெறும் தண்ணீர்: ஒன்றுமில்லை. அப்புறம் பழைய பாக்டீரியாவின் உப்புத் தண்ணீர்: பேருக்கு ஒரு துளி மேடு. அப்புறம் சோம்பேறி. கூர்முனை ஏறியது, ஏறியது, திரையின் மேல்விளிம்பைத் தாண்டிவிட்டது. உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் கூட்டினால் மூன்று மடங்கு.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பஷீரைக் கையை நீட்டச் சொல்லி முகர்ந்தேன், க்ரீம் வாசனை இல்லை. என் கையையும் முகர்ந்தேன். புதுக் கையுறை, புதுக் குழாய்கள், மறுபடியும் ஓட்டினேன். அதே உயரம். ஒதுக்கிய தட்டை அழிக்கும் பாத்திரத்துக்குப் போகாமல் காப்பாற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள் செல்வி.

"இது சோம்பேறி இல்ல மேடம், சம்பாதிச்சத வூட்ல வச்சிக்காம தெருவுல குடுத்துட்டு வந்திருக்குது."

கை கழுவிய டைரக்டர்

ரிவ்யூ அன்று டைரக்டர் காரில் வந்தார். பின்னாலேயே ஒரு காலி லாரியும், மரப்பெட்டிகளும் வந்தன. எங்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. திரையைக் காட்டினேன். மூன்று மடங்கு என்றதும் அவர் என் கையைத்தான் முதலில் பார்த்தார். க்ரீம் கதை சென்னை வரை போயிருந்தது. "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றார். சட்டையை மடித்துவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். கையுறை மாட்டி, முந்தின நாள் தண்ணீரைத் தானே எடுத்து, தானே நீர்க்கச் செய்து, தானே மெஷினில் வைத்தார். அவர் கை பழக்கம் விட்டுப்போனது. ஒரு குழாயைக் கீழே போட்டார். நாங்கள் மூன்று பேரும் சுவரோடு சுவராக நின்றோம். பஷீரின் உதடு ஏதோ முணுமுணுத்தது. நான் கிளியனூர் மாரியம்மனுக்கு என்னென்னவோ வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கூர்முனை ஏறியது. அவர் அதே தண்ணீரை இன்னொரு முறை வைத்தார். மறுபடியும் ஏறியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இந்த லேபில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம் போனை எடுத்து, பணம் போட்டவர்களிடம் பேசினார். மெஷின் இங்கேயே இருக்கும், இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுக்கப்போகிறோம் என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். பஷீர் வெளியே ஓடி அத்தாவுக்குப் போன் செய்தான். அவன் பேசியது எனக்குக் கேட்கவில்லை, அழுதது தெரிந்தது.

போனை வைத்தவர் என் அட்டையைப் பார்த்து, இதை இன்னும் எடுக்கவில்லையா என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். நீர்க்காத உப்பு உள்ளே போனால் மெஷின் படுக்கத்தான் செய்யும். வேண்டுமானால் கீழே 'முன் அனுமதி பெறவும்' என்று ஒரு வரி சேர்க்கிறேன். வாசலில் லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். பக்கத்து உப்பள வியாபாரி அதற்குள் அவரிடம் போய் நின்று பேசிக்கொண்டிருந்தார். செல்வி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு டைரக்டரிடம் வந்தாள்.

"சென்னைக்கு வெறும் வண்டியா போவ வேணாம் சார், உப்பு ஏத்தி அனுப்பிடுவோம்."

உப்பை வாசலோடு நிறுத்துவதுதான் என் சாமர்த்தியம் என்று இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டிருந்த எனக்கு, இந்த மாதமும் சம்பளம் போட்டது நானே கொட்டச் சொன்ன உப்புத் தண்ணீர்தான்.